ஒலி மாறியது, ஊர் மாறியதா?

“எல்லாம் போயிடுச்சு தம்பி! அந்தக் காலத்துக் கூத்தா இது? அந்த ஓசை எங்கே, இந்த ஓசை எங்கே!”

இப்படிப் பெருமூச்செறிந்தவர் எழுபதைக் கடந்த பெரியவர். இடம், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே ஒதுங்கியிருக்கும் ஒரு சிற்றூர். நள்ளிரவு கடந்துவிட்டது. திரௌபதி அம்மன் கோயில் திடலிலே கர்ண மோட்சம். சாக்கு விரித்து, சமுக்காளம் விரித்து, ஊரே உட்கார்ந்திருக்கிறது. மேடையின் பின்வரிசையிலே ஆர்மோனியம் இருக்கிறது. அதன் பக்கத்திலே மின்சாரக் கீபோர்டு இருக்கிறது. மிருதங்கம், டோலக்கு, கைத்தாளம் எல்லாம் இருக்கின்றன. ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் இருபுறமும் துவாரபாலகர்களைப்போல் நிற்கின்றன. முகவீணை இல்லை!

பெரியவரின் பெருமூச்சு எனக்கும் தொற்றிக்கொண்டது என்பதை மறைப்பானேன்? பகுத்தறிவு பேசுகிறவனுக்குக் காது இருக்கக்கூடாது என்று சட்டமா இருக்கிறது! ஆனால் பெருமூச்சு வாதம் ஆகிவிடாது. ‘அந்தக் காலம்’ என்றாரே, அது எந்தக் காலம்? ‘அந்த ஓசை’ என்றாரே, அது யார் எழுப்பிய ஓசை? யாருக்காக, என்ன கூலிக்கு எழுப்பிய ஓசை? விடியும்வரை இந்தக் கேள்விகள் என்னைக் குடைந்தெடுத்தன. நாட்டுப்புற இசை மாறிவிட்டது, கெட்டுவிட்டது, செத்தேவிட்டது என்று மேடைதோறும் ஒப்பாரி வைப்போர் பெருகிவிட்ட இந்நாளில், அந்த ஒப்பாரியின் சுருதியைச் சற்றே சோதித்துப் பார்ப்போம், தோழர்களே!

பழைய ஓசை எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும். அறியாமல் பழிப்பதும் மூடத்தனம். அறியாமல் புகழ்வதும் மூடத்தனம்.

வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு என்று முன்னாளில் வழங்கிய மாவட்டங்களே தெருக்கூத்தின் தாய்நிலம். 1989-இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருவண்ணாமலை, அந்த நிலத்தின் நடுப்பகுதி என்றே சொல்லலாம். இந்த வட்டாரக் கூத்திலே தலைமைக் குரல் முகவீணையினுடையது. பெயரிலே வீணை, பிறப்பிலே குழல்! நாகசுரத்தின் தம்பி என்று சொல்லத்தக்க சிறு மரக்குழல். சீவாளி செருகி ஊதுவது. அண்ணனைவிட உருவிலே குட்டை, ஆகவே ஓசையிலே கூர்மை. வேடம் கட்டியவர் ஓரடி பாடி நிறுத்துவார். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் முகவீணை அந்த அடியைக் கீழே விழாமல் ஏந்திக்கொள்ளும், இழைக்கும், வளைக்கும், பின்பாட்டுக்காரர் கையிலே கொண்டுபோய்ச் சேர்க்கும். மிருதங்கம் அடவுக்கு அடி கொடுக்க, சலங்கை அதற்கு விடை கொடுக்கும். சுருதியோ 5 கட்டை, 5½ கட்டை. சபா மேடையிலே ஆண் பாடகர் 1 கட்டையிலோ 1½ கட்டையிலோ இதமாக அமர்ந்து பாடுகிறாரே, அதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஏன் அவ்வளவு உயரம்? ‘காட்டுக் கத்தல்’ என்று பட்டணத்துப் பண்டிதர்கள் முகம் சுளித்ததுண்டு. காட்டிலே நின்று கத்திப் பார்த்தால் அவர்களுக்குக் காரணம் விளங்கியிருக்கும்! ஒலிபெருக்கி இல்லாத நாள். சுவர் இல்லை, கூரை இல்லை, திறந்த வெளி. தீவட்டி வெளிச்சத்திலே ஆடுகிறவனுடைய குரல், கடைசி வரிசையில் பேரனை மடியில் கிடத்தியிருக்கும் கிழவியின் காதுக்கு எட்டவேண்டும். இரவு தொடங்கி விடியும்வரை எட்டவேண்டும். தாழ்ந்த குரல் வெட்டவெளியிலே கரைந்துபோகும். உச்சக்குரல் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். முகவீணையின் கூர்மைக்கும் அதே கணக்குத்தான். தேவை செதுக்கிய ஓசை அது. தெய்வம் கொடுத்த ஓசை என்று யாராவது சொன்னால், நம்பாதீர்.

செதுக்கியவர் யார்? சலவைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆடினார்கள். வன்னியக் குடியினர் ஆடினார்கள். சேரியிலே தனிக் குழுக்கள் இருந்தன. கூத்தாடுவது பல ஊர்களிலே விருப்பத் தொழிலாக இல்லை; வழிவழியாகக் கட்டிவைத்த ஊர்ப்பணியாக இருந்தது. அறுவடை முடிந்தால் களத்துமேட்டிலே படியளப்பார்கள். வெளுத்ததற்கு இவ்வளவு, மழித்ததற்கு இவ்வளவு, ஆடியதற்கு இவ்வளவு! பெரியவர் ஏங்கிய ‘அந்தக் காலம்’ இந்தக் களத்துமேட்டையும் சேர்த்துத்தான் வருகிறது. ஓசையை மட்டும் உரித்தெடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவது காதுக்குச் சுகம், அறிவுக்கு அழகா?

பெரியவரிடம் மெல்லக் கேட்டேன்: “ஆர்மோனியம் இருக்கிறதே ஐயா, அதுவுமா புதுசு?”

“அதெப்படி! பெட்டி இல்லாம கூத்து ஏது? எங்க தாத்தா காலத்துலேருந்து இருக்குது.”

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அந்தப் பெட்டியின் கதை என்ன? பாரிசு நகரிலே அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842-இல் உரிமம் பெற்ற கருவி அது. பாதிரிமார்களோடு கப்பலேறி வந்தது. பார்சி நாடகக் குழுக்களோடு ஊர் சுற்றிற்று. நம் நாட்டு நாடகக் கம்பெனிகளிலே கொலுவேறிற்று. அங்கிருந்து கூத்து மேடைக்கு இறங்கி வந்தது. வந்த நாளிலே, “ஐயையோ, பழைய ஓசை போயிற்றே!” என்று பெரியவரின் தாத்தாவுக்குத் தாத்தா பெருமூச்செறிந்திருக்கமாட்டார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

வேடிக்கை என்னவென்றால், கூத்து மேடை பெட்டியைக் குடும்பத்திலே ஒன்றாக ஏற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், அகில இந்திய வானொலி அதை அந்நியக் கருவி என்று வாசலோடு விரட்டிற்று. 1940 மார்ச்சிலே விழுந்த தடை, 1971-இல்தான் தளர்ந்தது. முப்பதாண்டுக் காலம்! விரட்டியதற்கு அவர்கள் சொன்ன காரணத்திலே ஓர் உண்மை இருந்தது, அதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆர்மோனியத்தின் கட்டைகள் அசையாதவை. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே வழுக்கிச் செல்ல, நெளிய, விம்ம அவற்றால் இயலாது. முகாரியிலே ஒரு விம்மல் உண்டே, அந்த விம்மல் முகவீணைக்காரனின் உதட்டிலே பிறப்பது. பெட்டியின் துருத்தியிலே பிறக்காது. ஆகவே பெட்டி வந்தபோது கூத்து ஒன்றை இழந்தது. மெய்.

ஆனால் ஏன் வந்தது? பெட்டி வாசிப்பவன் வாசித்துக்கொண்டே பின்பாட்டும் பாடலாம். ஒரே ஆள், இரண்டு வேலை. முகவீணையோ மூச்சைத் தின்னும் கருவி. கைவரப் பல்லாண்டு ஆகும். ஊதுகிறவன் பாடவும் முடியாது. விடிந்ததும் கிடைக்கும் தொகையைப் பத்துப் பன்னிரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளவேண்டிய குழுவிலே, எந்தக் கருவி நிலைக்கும்? கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை எழுதுவதேயில்லை. ‘இரசனை மாறியது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வயிறு மாற்றியதை இரசனையின் தலையிலே கட்டுவது நம் நாட்டு விமர்சனத்தின் பழைய வழக்கம்.

ஒலிபெருக்கி செய்த மாற்றம் இதனினும் பெரிது. அதைப்பற்றி நான் பெரியவரின் பக்கம் பாதி நிற்கிறேன். ஒற்றை மைக்கு மேடையின் நடுவே கயிற்றிலே தொங்கிய நாள்கள் உண்டு. மேடை முழுதும் சுழன்று ஆடவேண்டிய வேடக்காரர், பாட்டு வரும்போதெல்லாம் ஓடிவந்து அந்த மைக்கின் அடியிலே, மழைக்கு மரத்தடி ஒதுங்குவதுபோல ஒதுங்கவேண்டியதாயிற்று. கிறுகி அடித்த கால் கட்டுண்டது. துரியோதனன் ஆனாலென்ன, அர்ச்சுனன் ஆனாலென்ன, மைக்குக்குக் கீழே அனைவரும் அடிமைகள்! பின்னாளில் சட்டையிலே குத்திக்கொள்ளும் சிறு மைக்குகள் வந்தன. கால் விடுதலை பெற்றது. ஆனால் குரலை முதுகெலும்பிலிருந்து எழுப்பும் பழக்கம் அதற்குள் தளர்ந்துவிட்டது. இயந்திரம் உரக்கப் பேசும்போது மனிதன் எதற்காக உரக்கப் பாடவேண்டும்? போதாதென்று ஒலிபெருக்கிக்காரர் அனைத்தையும் ஒரே உச்சத்தில் திருகிவைக்கிறார். கைத்தாளம் இடியாகிறது, இடி இரைச்சலாகிறது. இதை முன்னேற்றம் என்று புகழ எனக்கு மனமில்லை.

ஆயினும் அதே மைக்கு இன்னொரு கதவையும் திறந்தது. தெருக்கூத்து நெடுங்காலமாக ஆண்களின் கோட்டை. திரௌபதியாக அழுதவனும் ஆண், பொன்னுருவியாக முறைத்தவளும் ஆண். காஞ்சிபுரத்தருகே பெ. இராசகோபால் அவர்களும் ஹன்னே டி புருயின் அம்மையாரும் வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் 2002-இல் தொடங்கிய குருகுலத்திலே, பெண் பிள்ளைகள் சலங்கை கட்டினார்கள். ஆண் வேடமும் கட்டினார்கள். 5½ கட்டை பெண்ணின் தொண்டைக்கு இயல்பாகப் பொருந்துகிற சுருதி அல்லவா? ஆண்கள் நரம்பு புடைக்கப் பற்றிய உச்சியை அந்தப் பிள்ளைகள் தாவி ஏறினார்கள். ‘மரபு கெட்டது’ என்று இதற்கும் ஒருவர் பெருமூச்செறிந்திருப்பார்! அந்தப் பெருமூச்சைக் குப்பையிலே போடலாம்.

‘மரபு ஓசை’ என்ற சொல் எவ்வளவு கள்ளத்தனமான சொல் என்பதைக் காண நாம் கடல் தாண்டியும் போகலாம். அமெரிக்காவிலே நாட்டுப்புற வெள்ளையரின் இசை என்று புகழப்படும் ‘கன்ட்ரி’ இசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடையாளச் சின்னம் பாஞ்சோ என்னும் நரம்புக் கருவி. அது யாருடையது? ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டி இழுத்துவரப்பட்ட கறுப்பு அடிமைகள், தம் தாய்நாட்டுக் கருவிகளின் நினைவிலே செய்துகொண்டது. 1920-களிலே இசைத்தட்டு வணிகர்கள் வந்தார்கள். கறுப்பர் பாடினால் ‘இனத் தட்டு’, வெள்ளையர் பாடினால் ‘மலைநாட்டுத் தட்டு’ என்று ஒரே மண்ணின் பாட்டை இரண்டு அலமாரிகளிலே பிரித்து வைத்தார்கள். நாஷ்வில் நகரத்து வானொலி மேடையான ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’யிலே தொடக்க நாள்களில் புகழ்பெற்ற டிஃபோர்டு பெய்லி என்னும் கறுப்பு இசைஞரை 1941-இல் வெளியேற்றினார்கள். 1950-களின் இறுதியிலே அதே நகரம் பிடிலையும் நாட்டுப்புற நெளிவையும் ஓரங்கட்டி, வயலின் கூட்டத்தையும் கோரசையும் கொண்டு பாட்டுக்கு மெருகு பூசிற்று. அப்போது அது ‘கன்ட்ரி அன்று’ என்று எந்தப் பட்டியலும் அதைத் தள்ளிவிடவில்லை. 2019-இலே லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பு இளைஞனின் பாட்டு வெற்றி பெற்றபோதோ, ‘பில்போர்டு’ ஏடு அதைத் தன் கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கிற்று. போதிய அளவு ‘கன்ட்ரி’ இல்லையாம்! கருவியைக் கொடுத்தவனின் பேரன், அந்த வீட்டுக்கே அந்நியன். ஓசை மாறுவது குற்றமாவதும் ஆகாததும், மாற்றுகிறவன் யார் என்பதைப் பொறுத்திருக்கிறது.

இதைக் கேட்டு ‘வெள்ளைக்காரன் கொடியவன்’ என்று நாம் தலையசைத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் நம் வீட்டு அலமாரியிலே என்ன இருக்கிறது?

பறை இருக்கிறது.

கர்ண மோட்சம் தொடங்குமுன் மாலையிலே, அந்தக் கோயில் திடலின் விளிம்பிலே நான்கு இளைஞர்கள் பறை முழக்கினார்கள். முழக்கம் காதிலே விழுந்ததும் ஏதோ குறைவது தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். வட்டம் இரும்பு, முகப்பு பிளாஸ்டிக், சுற்றிலும் திருகாணிகள். பழைய பறை, வேப்பமரத்திலே மூன்று துண்டு வளைத்து, தகடு வைத்து இணைத்து, புளியங்கொட்டைப் பசையினால் கன்றுத்தோலை ஒட்டிச் செய்வது. முழக்குமுன் வைக்கோல் கொளுத்தி அனலிலே காட்டுவார்கள், தோல் இறுகும், அப்புறம் வலக்கை அடிகுச்சி ஒரு ‘கும்’ போட்டால், அது நெஞ்சுக்கூட்டிலே போய் விழும். பிளாஸ்டிக்கிலே அந்தக் ‘கும்’ இல்லை. ‘டக்’ இருக்கிறது, பளிச்சென்று இருக்கிறது, பனியானாலும் மழையானாலும் தளராமல் இருக்கிறது. அடிவயிற்று அதிர்வு மட்டும் இல்லை.

பெரியவர்கள் இதற்கும் அழுகிறார்கள். அழட்டும், ஆனால் அந்தத் தோல் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு அழட்டும்! செத்த மாட்டை இழுத்துப்போடு, தோலை உரி, அதே தோலை அடித்துச் சாவுக்குச் செய்தி சொல், கைகட்டி நில் என்பது ஒரு சாதியின்மேல் ஊர் சுமத்திய கட்டளை. அந்தக் கட்டளையை மீறுவதுதான் மானத்தின் முதற்படி என்று இந்திய நாடெங்கும் ஒடுக்கப்பட்டோர் உணர்ந்தார்கள். 1927-இல் மகாடு நகரத்து மாநாட்டிலே அண்ணல் அம்பேத்கர் தம் மக்களைச் செத்த மாட்டைச் சுமப்பதை விட்டொழிக்கச் சொன்னார். தமிழ்நாட்டிலே, பறை என்னும் கருவியின் பெயரே ஒரு மக்களின்மேல் இழிபெயராக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் களைந்து ஆதிதிராவிடர் என்று வழங்கவேண்டுமென எம்.சி. இராசா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்திலே தீர்மானம் கொண்டுவந்தது 1922-இல். ஆகவே பறையைத் தூக்கி எறிந்த கை, கலையை எறிந்த கை அன்று. விலங்கை எறிந்த கை. அந்த ஓசை குறைந்ததிலே விடுதலையின் பங்கும் இருக்கிறது என்பதை உணராதவன் நாட்டுப்புற இசையைப்பற்றி எழுதவே கூடாது என்பேன்.

பின்னர் அதே பறையை இன்னொரு தலைமுறை தன் விருப்பத்தாலே கையிலெடுத்தது. கே.ஏ. குணசேகரன் அவர்கள், கீழ்வெண்மணியிலே 1968-இல் 44 உயிர்கள் எரிக்கப்பட்ட கொடுமையின் பின்னணியில் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டை மேடைமேடையாகக் கொண்டுபோனார். திண்டுக்கல்லிலே சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளிலே மாட்டிக்கொண்டு ஆடினார்கள். சாவு வீட்டு வாசலிலே கட்டளைக்கு அடித்த அடியும், ஊர்வலத்திலே உரிமைக்கு அடிக்கும் அடியும் ஒன்றா? சுதி ஒன்றாயிருக்கலாம், சேதி வேறு. எறிந்ததும் நேர்; எடுத்ததும் நேர். இரண்டிலும் ஊர் சொல்லிச் செய்யவில்லை என்பதே சிறப்பு. 2025-இல் பத்மசிறீ பட்டியலிலே மதுரை வட்டாரத்துப் பறையாசான் வேலு ஆசானும், செய்யாறு வட்டத்துப் புரிசைக் கூத்துக் குடும்பத்துக் கண்ணப்ப சம்பந்தனும் ஒருசேர இடம்பெற்றார்கள். களத்துமேட்டிலே படியளந்த காலத்தை எண்ணிப் பார்த்தால் இது சிறிய செய்தி அன்று.

தில்லி மாறிற்று. திருவண்ணாமலை?

கோயில் விழாவா, திருமணமா, கட்சி ஊர்வலமா, இப்போது செண்டை மேளம் கேரளத்திலிருந்து வருகிறது. வருவதிலே தவறில்லை, கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால், “பறை வேண்டாம், அது சாவு மேளம், அது மாட்டுத்தோல்” என்று சொல்லிவிட்டுச் செண்டையை அழைக்கிறார்களே, செண்டையிலே பூட்டியிருப்பது என்ன, தாமரை இலையா? அதுவும் மாட்டுத்தோலே! அண்ணாமலையார் கிரிவலப் பாதையிலே கயிலாய வாத்தியம் என்ற பெயரிலே இளைஞர்கள் பெருமேளங்களைக் கட்டிக்கொண்டு தோள் வலிக்க முழக்குகிறார்கள், பெருமையோடு முழக்குகிறார்கள். அவர்களிலே எத்தனை பேர் பறையைத் தொடுவார்கள்? சபாக்களிலே மடியில் வைத்துக் கொஞ்சப்படும் மிருதங்கத்திலும் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் இருக்கின்றன. அதைச் செய்துகொடுக்கும் தொழிலாளரின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ என்று நூலாக எழுதினார். 2020-இல் அதன் வெளியீட்டு விழாவுக்குத் தந்த இடத்தைக் கலாசேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோலிலே தீட்டில்லை என்பது வைதீகத்துக்கும் தெரியும். தீட்டு, அதைத் தொடும் ஆளைப் பார்த்து இடத்துக்கு இடம் முளைப்பது.

திரைப்படத்தைப் பற்றியும் ஒரு சொல். நாட்டுப்புற ஓசையைக் கெடுத்தது சினிமாதான் என்பது எளிதாகக் கிடைக்கும் தீர்ப்பு. முழுக்கச் சரியில்லை. 1949-இலே ‘நல்லதம்பி’ படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கதாகாலட்சேப மெட்டையே கருவியாக்கிக் ‘கிந்தனார்’ நடத்தி, நந்தன் நெருப்பிலே இறங்கிய கதைக்கு எதிராகச் சேரிப் பையன் படித்து உயரும் கதையைச் சொன்னாரே, அது கெடுத்ததா, கொடுத்ததா? 1958 தேவிகுளம் இடைத்தேர்தலிலே பொதுவுடைமை மேடையில் தோட்டத் தொழிலாளருக்காகப் பாடியவர் பாவலர் வரதராசன்; பண்ணைப்புரத்து அந்த வீட்டிலிருந்தே 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராசா வந்தார். வயற்காட்டு மெட்டு வயலின் வரிசையோடு கைகோத்து வந்தபோது, அதுவரை தன் பாட்டைச் சொல்ல வெட்கப்பட்ட நாட்டுப்புறத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான். அது மறுக்க முடியாத நன்மை. ஆனால் நன்மையோடு ஒரு மாற்றமும் வந்தது: களை பறிப்பவளின் பாட்டிலே பண்ணையாரைக் குத்தும் முள் ஒன்று இருந்தது. திரைக்குப் போனபோது மெட்டு போயிற்று, முள் பெரும்பாலும் வரப்பிலேயே நின்றுவிட்டது. இப்போது கூத்து மேடையிலே சினிமா மெட்டு நுழைகிறது என்று குறைப்படுகிறோம். கடன் வாங்கியவன் முள்ளை மழித்துவிட்டுப் பூவைத் திருப்பித் தருகிறான், அவ்வளவுதான்.

முள்ளோடு வந்த பாட்டும் உண்டு. அறிவு எழுதிப் பாடிய ‘என்ஜாயி எஞ்சாமி’ 2021-இலே உலகமெங்கும் ஒலித்தது. நிலமற்று உழைத்த பாட்டியின் குரல் அதிலே இருந்தது. 2022-இல் சென்னையிலே சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவிலே அந்தப் பாட்டு முழங்கியபோது, அறிவு மேடையில் இல்லை. காரணங்களைப்பற்றிப் பலரும் பலவாறு பேசினார்கள். எனக்கு அந்த மேடை டிஃபோர்டு பெய்லியை நினைவூட்டிற்று.

பிறரைக் குறைசொல்லிக்கொண்டு போகிறேனே, நாம் என்ன செய்தோம்? 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டபோது நம் நெஞ்சு நிமிர்ந்தது. தெலுங்குக் கீர்த்தனைக்கு நடுவே தமிழுக்கு இடம் கேட்டது நேர்மையான கிளர்ச்சி. தமிழில் பாடினால் மட்டும் போதுமா, பாட்டின் பொருளும் மானத்தோடு இருக்கவேண்டாமா என்று பெரியார் கேட்டதும் நேர்மையே. ஆனால் அந்தத் தமிழிசையின் பந்தலிலே முகவீணைக்கு எங்கே இடம் இருந்தது? பறைக்கு? மாரியம்மன் கோயில் பம்பைக்கு? மொழியை மீட்டோம், கருவியை மீட்கவில்லை. கூத்தையோ, ‘புராணக் குப்பை’ என்று ஒரே வீச்சிலே ஒதுக்கினோம். நானே ஒதுக்கியவன், இருபது வயதிலே, கூத்து நடக்கும் தெருவிலே காதைப் பொத்திக்கொண்டு நடந்தவன்! நாடக மேடையும் திரையும் நம் கைக்கு வந்தபின் கூத்து மேடை எதற்கு என்று இருந்துவிட்டோம்.

கர்ண மோட்சத்தை அன்றிரவு முழுதும் இருந்து கேட்டபின் அந்த அவசரத்துக்காக வெட்கப்பட்டேன். போருக்குப் போகுமுன் கர்ணன் மனைவி பொன்னுருவியைக் காண வருகிறான். அவளோ, தேரோட்டி வளர்த்த பிள்ளைக்குக் கதவு திறப்பதா என்று சாதியைச் சொல்லித் தூற்றுகிறாள். மணிக்கணக்கிலே நடக்கிறது அந்த வாக்குவாதம். பாட்டுக்குப் பாட்டு, ஏச்சுக்கு ஏச்சு. நடுநடுவே கட்டியங்காரன் புகுந்து, அரசனையும் அரசியையும் ஊர்ப் பெரிய மனிதர்களையும் ஒரே கயிற்றிலே கட்டிக் கேலி செய்கிறான். புராணம் வெறும் பானை. அதற்குள்ளே கொதிப்பது ஊர்க் கதை. ஒன்றை மட்டும் நான் மறக்கவில்லை: கதையிலே கர்ணனுக்கு விடுதலை, அவன் பிறப்பால் சத்திரியன் என்று தெரியவருவதாலே கிடைக்கிறது, தேரோட்டி மகனாகவே இருந்து மதிப்புப் பெறுவதாலே கிடைக்கவில்லை. அங்கே கூத்தோடு நமக்குச் சண்டை உண்டு. அந்தச் சண்டையை மேடைக்கு முன்னே உட்கார்ந்து போடவேண்டும். தெருமுனையில் காதைப் பொத்திக்கொண்டு போடக்கூடாது.

விடியுமுன் கர்ணன் பாடிய முகாரிக்கு ஆர்மோனியம் துணை நின்றது. கீபோர்டு ஏதோ வயலின் ஒலியை இரவல் வாங்கி இழுத்தது. முகவீணை இருந்திருந்தால் அந்த விம்மல் வேறாயிருக்கும் என்பதிலே எனக்கு இப்போதும் ஐயமில்லை. இருந்தும், ‘பிறப்பைக் கேட்கிறாயா?’ என்ற பொருளிலே அந்த நடிகர் குரலெடுத்தபோது திடலே அசைவற்றுப் போயிற்று. என் பக்கத்திலே பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூத்து முடிந்தது. பெரியவர் எழுந்து மேடையருகே சென்று, கிரீடம் கழற்றிய கர்ணனின் கையிலே ஒரு நூறு ரூபாய்த் தாளைத் திணித்து, “கலங்க வச்சிட்டப்பா” என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். மேடையிலிருந்தவர்களுக்குத் தேநீர் வந்தது, பளபளக்கும் டம்ளர்களில். எனக்கும் ஒன்று கிடைத்தது. திடலின் விளிம்பிலே பறைக்காரப் பிள்ளைகள் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிறு திருகுச்சாவியால் பிளாஸ்டிக் முகப்பின் ஆணிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

பெரியவர் அவனைக் காட்டினார். “பாரு, சாவி போட்டுத் திருகறான். அந்தக் காலத்துல வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சி அடிப்பாங்க தம்பி. அந்த ஓசையே தனி.”

தேநீர் கொண்டுவந்த பையன் அந்தப் பக்கம் போனான். கோயில் மதிலின்மேல் நான்கு காகிதக் கோப்பைகளை வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.